பதினொரு மணிக்கு இறங்குகிறவள்

என் அக்காவுக்கு மூன்று பெண்கள். நடுவில் பிறந்தவள் இரும்புக் கொட்டகையில் கிரேன் ஓட்டுகிறாள். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் "கொக்கி" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவள் பின்னாலேயே வீட்டுக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது பெற்ற தாயே "ஏய் கொக்கி, கதவைச் சாத்து" என்றுதான் சொல்கிறாள். நான் அவளுக்குச் சித்தி. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்காவும் அவளும். அவளுக்குக் கல்யாணம் ஆனது, நிலைக்கவில்லை. அதை எழுதி மை வீணாக்க மாட்டேன்.

கொட்டகை என்றால் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கோடியில் நின்று கூப்பிட்டால் மறு கோடியில் கேட்காது. கூரைக்குக் கீழே இரண்டு பக்கச் சுவரிலும் தண்டவாளம், அதன் மேல் குறுக்கே பாலம் போல கிரேன். பாலத்தின் ஒரு முனையில் கண்ணாடிக் கூண்டு. தரையிலிருந்து அதற்கு அறுபத்திரண்டு படி, செங்குத்தான இரும்பு ஏணி. கூண்டில் உட்கார்ந்தால் கீழே நடப்பவர்களின் தலை மட்டும்தான் தெரியும். லாரியில் வந்திறங்கும் தகட்டுச் சுருள்கள் ஒவ்வொன்றும் எட்டு டன். கீழே ஒரு சிக்னல்காரர் நின்று கையால் சொல்வார். விரலை மேலே சுழற்றினால் தூக்கு, கீழே சுழற்றினால் இறக்கு, கையை முஷ்டியாக மடக்கினால் நிறுத்து. அவருக்குக் கையாட்டி என்று பெயர். வீட்டில் பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்பதற்கும் கையைத்தான் ஆட்டுவாராம், அவரே சொல்லிச் சிரிப்பார்.

கிரேன் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏறுவதற்கு முன்னால் எதுவும் சாப்பிட மாட்டார்கள். மேலே கழிப்பறை கிடையாது. ஒருவர் இறங்கிப் போய்விட்டு வந்து ஏற இருபது நிமிஷம் ஆகும், அந்த இருபது நிமிஷமும் கொட்டகையே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதனால் காலை ஆறு மணிக்குக் காலி வயிற்றோடு ஏறுவது, இரண்டு மணிக்கு இறங்குவது. தண்ணீர்கூட ரெண்டு வாய்க்கு மேல் கிடையாது. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் ஆட்கள் கூடுதலாகப் பயப்படுவார்கள். இரண்டு மணிக்கு இறங்கி வந்து கொக்கி சாப்பிடுவதைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பசி அடங்கிவிடும். ஒரு நாள் பசியை ஒரே தட்டில் தீர்ப்பாள். பன்னிரண்டு வருஷம் இப்படி. அதில் அவளுக்குப் பெருமை வேறு. "எட்டு மணி நேரம் சித்தி, ஒரு தடவைகூட இறங்கினதில்ல" என்பாள்.

முப்பத்தாறாவது வயதில் வயிறு கெட்டது. முதலில் வலி, பிறகு ஓட்டம், பிறகு ரத்தம். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள் அப்பா வழியில் வயிற்றுக்காரர்கள் உண்டு. அப்பாவின் அத்தை ஒருத்தி நாற்பது வயதில் குச்சியாக இளைத்துச் செத்தாள்; கண் பட்டுவிட்டது என்றார்கள். அப்பாவின் சின்னம்மா மகன் ஒருவர் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் உட்காரும் முன்பே "பின்பக்கம் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்த மனுஷன் எவ்வளவு வலியோடு கேட்டாரோ.

கொக்கி என்ன செய்தாள்? காலையில் மட்டும் இல்லாமல் முந்தின ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே வர என்ன இருக்கிறது என்பது அவள் கணக்கு. கிரேன்காரிக்குத்தான் அப்படித் தோன்றும். ஆனால் குடல் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை. ஒரு நாள் பத்து மணி வாக்கில், சுருள் கிரேனின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, அவசரம் வந்துவிட்டது. வேறு யாராவது என்றால் அப்படியே விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுருளைக் கொண்டுபோய் மரக்கட்டையின் மேல் வைத்து, சங்கிலி தளர்ந்ததைப் பார்த்து, சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டுதான் எழுந்தாள். ஏணியில் பாதி தூரம்தான் இறங்க முடிந்தது. அதற்குமேல் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. கீழே நாற்பது பேர். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

சூப்பர்வைசர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நாளையிலிருந்து கேட்ல உட்காரு. வர்ற லாரி நம்பரை எழுது. உனக்கு மேல வேலை சரிப்படாது."

"நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பேசலாம் சார். இப்ப துணி மாத்திட்டு வர்றேன். அந்தச் சுருள் இன்னும் அது இடத்துக்குப் போகல. யாரும் தொட வேணாம், நான்தான் எடுத்து வைப்பேன்."

போனாள், கழுவினாள், சுமைகாரப் பெண் ஒருத்தியின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள், அறுபத்திரண்டு படி ஏறினாள், எடுத்து வைத்தாள். அன்றைக்கு விரலைச் சுழற்றும்போது கையாட்டிக்குக் கண் கலங்கியிருந்ததாம். "தூசி" என்றாராம்.

மறுநாள் ஆஸ்பத்திரி. குழாயில் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் சுவர் முழுக்கப் புண். வெளியிலிருந்து வந்த எதிரி இல்லை; உடம்பைக் காக்க வேண்டிய காவல் அணுக்களே தடம் மாறி, சொந்தச் சுவரை இடிக்கின்றன என்றார்கள். பெரிய மாத்திரை, சின்ன மாத்திரை, இரண்டு மாதம் விடுப்பு. புண் ஆற ஆரம்பித்தது. கம்பெனியிலிருந்து காகிதம் வந்தது: மூன்று மாதம் கிரேனில் வைத்துப் பார்ப்போம், இன்னொரு முறை வேலைக்கு இடைஞ்சல் வந்தால் நிரந்தரமாகக் கேட். கேட் என்பது நல்ல வேலைதான். நிழல் உண்டு, நாற்காலி உண்டு. ஆனால் அந்தக் கூண்டு அவள் தானாகப் பிடித்த இடம். அவள் ஏறும்வரை அந்தக் கொட்டகையில் பொம்பளை கிரேன் ஓட்டியது கிடையாது. இறங்கினால் இன்னொருத்தியை ஏற்றமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இதற்கிடையில் என் அக்கா ஒரு பக்கம். புண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக் கஞ்சியை வடிகட்டி, வடிகட்டியதைத் திரும்ப வடிகட்டிக் கொடுப்பாள். முதல் சில வாரம் டாக்டரே அப்படித்தான் சொன்னார். அக்கா அதை மாதக்கணக்கில் இழுத்துவிட்டாள்.

"அம்மா, இது சாப்பாடா, போஸ்டர் ஒட்டற பசையா?"

"வாயை மூடிட்டுக் குடிடி. உள்ள எல்லாம் ரணம்."

"குடிச்சா உள்ள இருக்கறது எல்லாம் ஒட்டிக்கும் போல."

"ஒட்டட்டும்! அப்படியாவது நிக்குதா பாப்போம்!"

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். குடல் டாக்டர் ஒரு பெண், கொக்கியைவிட வயதில் சின்னவள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பாள் என நினைத்தோம். அவள் முதலில் கேட்டது வேறு.

"வேலை நாள்ல எப்ப சாப்பிடுவீங்க?"

"ரெண்டு மணிக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி நாள் ரெண்டு மணிக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதை என் மூன்றாம் வகுப்புப் புத்திக்கு எட்டியபடி எழுதுகிறேன். குடலுக்கென்று தனியாக நரம்பு வலை ஒன்று இருக்கிறதாம். மூளையைக் கேட்காமலே அது பல வேலையைப் பார்க்குமாம். சாப்பாடு உள்ளே வந்ததும் அந்த நரம்புகள் சுவரோரம் நிற்கும் காவல் அணுக்களுக்குத் தகவல் சொல்கின்றன. அந்தத் தகவலைப் பார்த்து, சுவரைச் செப்பனிடும் வேலையைக் காவல்காரர்கள் கூட்டுவார்கள், குறைப்பார்கள். எலிகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்களாம். சாப்பிடும் நேரத்தை ஒட்டி அந்த வேலை ஏறுகிறது, இறங்குகிறது. இன்னொன்று, குடலில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நமக்குச் செரிக்காத நார் இருக்கிறதே, பயறு, காய், தானியத்தின் நார், அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு அவை விடும் பொருள், கோபமாக இருக்கிற காவல்காரரைச் சாந்தப்படுத்தும்.

"அப்ப எங்கம்மா கஞ்சி?"

"புண் ரணமா இருந்தப்ப அது சரி. இப்ப ஆறிட்டு வருது. இன்னமும் அதையே குடிச்சா அதுங்களுக்குப் பட்டினிதான். ஒரே நாள்ல மாத்தாதீங்க. தோல் நீக்கி, நல்லா வேக வெச்சு, மசிச்சு, கொஞ்சம் கொஞ்சமா."

"பயம், கோவம் வந்தா வயிறு புரட்டுதே, அது?"

"அதுவும் நரம்பு வழிதான். மூளை பதறினா குடலுக்குத் தகவல் போகும். வீக்கத்தை ஏத்தும்."

கொக்கி விரலை மேலே சுழற்றிக் காட்டினாள். "அப்ப உள்ளயும் ஒரு சிக்னல்காரர் நிக்கறாரு. பன்னெண்டு வருஷமா காலையில நான் அவருக்கு லோடே அனுப்பல. திடீர்னு ரெண்டு மணிக்கு மொத்த லாரியையும் கொட்டினா மனுஷன் எந்தக் கையைத்தான் ஆட்டுவாரு?"

டாக்டர் சிரித்தாள். பிறகு விரலை நீட்டி எச்சரித்தாள். "பட்டினியாலதான் வியாதி வந்துச்சுன்னு நான் சொல்லவே இல்ல. பரம்பரை இருக்கு, தெரியாதது எவ்வளவோ இருக்கு. மனுஷங்ககிட்ட இன்னும் ஆராய்ஞ்சிட்டுத்தான் இருக்காங்க. சாப்பாடு மாத்திரைக்குப் பதில் இல்ல. மாத்திரையை நிறுத்தினீங்கன்னா என் மூஞ்சில முழிக்காதீங்க."

"நிறுத்த மாட்டேன். ஆனா ஏறதுக்கு முன்னாடி கொஞ்சம் சாப்பிடுவேன். பதினோரு மணிக்கு இறங்கிச் சாப்பிடுவேன். எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தைச் சூப்பர்வைசர் இரண்டு விரலால் பிடித்துப் படித்தார்.

"உன் வயித்துக்காக லாரியெல்லாம் நிக்கணுமா?"

"என் வயித்துக்காக இல்ல சார். உங்க தலைக்கு மேல எட்டு டன் தொங்குதே, அதுக்காக."

"மிரட்டறியா?"

"கணக்கு சொல்றேன். பசியில கை நடுங்கறவ ஓட்டணுமா, சாப்பிட்டவ ஓட்டணுமா? கீழ நடக்கறது நீங்கதான், நீங்களே சொல்லுங்க."

"ஏற்கெனவே ஒரு தடவை அசிங்கம் பண்ணின. இப்ப நீ ஒவ்வொரு தடவை இறங்கறதும் இடைஞ்சல்னு நான் எழுதுவேன்."

"எழுதுங்க. அசிங்கம் பண்ணினது என் குடல். சுருளை ஒழுங்கா வெச்சிட்டு இறங்கினது நான். ரெண்டையும் சேர்த்தே எழுதுங்க."

விடுப்பு முடிந்து ஏறிய முதல் நாள் பதினொரு மணிக்கு அவள் லோடை இறக்கி வைத்து, சாவியை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்ததும் சூப்பர்வைசர் விசில் ஊதினார். ஒரு விசில், இரண்டு, மூன்று. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவள் படியை எண்ணிக்கொண்டே இறங்கினாளாம். கழிப்பறைக்குப் போய்விட்டு, கை கழுவி, சுவரோரம் கவிழ்த்துக் கிடந்த பெட்டியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். மசித்த பயறும் வெந்த பூசணியும். நான் வைத்ததுதான், அக்கா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. ஒவ்வொரு வாயையும் மென்று மென்று சாப்பிட்டாள். "மாடு அசை போடற மாதிரி இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். "மாட்டுக்கு நாலு வயிறு, எனக்கு ஒண்ணுதான். அதனால இன்னும் மெதுவா மெல்லணும்" என்றாள்.

மூன்றாம் நாள் கையாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னண்ணே, உங்களுக்கும் வயிறா?"

"வயிறு எல்லாருக்கும் இருக்குல்ல? நீ மேல இல்லாதப்ப நான் யாருக்குக் கையாட்டறது? நானும் விடிகாலையிலிருந்து நின்னுக்கிட்டே இருக்கேன்மா. உட்கார்ந்து தின்னு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

அடுத்த வாரம் சுமைகாரர்கள் நாலு பேர் வந்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் கிரேன் ஓட்டும் வழுக்கையர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "நீ வழக்கத்தைக் கெடுக்கறே" என்றார்.

"உங்க வயிறு எப்படி இருக்கு?"

"நெஞ்சு எரியும். அது எல்லாருக்கும் எரியும்."

"எல்லாருக்கும் எரிஞ்சா அது வழக்கமா?"

நெஞ்சைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

எல்லாம் நேராகப் போய்விட்டது என்று எழுதினால் பொய். ஏழாவது வாரம் சூப்பர்வைசர் இரண்டு ஷிஃப்டைச் சேர்த்துப் போட்டார். வேண்டுமென்றே போட்டார் என்றுதான் நான் சொல்வேன். அவர் விசில் சத்தம் கேட்டாலே அவள் பதறினாள். நாலாம் நாள் திரும்ப ரத்தம். அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"தோத்துட்டேனா சித்தி?"

"எதுல?"

"நேரத்துக்குத் தின்னேன், நார் தின்னேன், மாத்திரை தின்னேன். திரும்ப வந்துடுச்சே."

"காய்ச்சல் திரும்ப வந்தா நீ தோத்துட்டேன்னா சொல்லுவாங்க? டாக்டர்கிட்ட போ. முதல் தடவை மறைச்சியே, அதுதான் தப்பு. இந்தத் தடவை ஊருக்கே சொல்லு."

சொன்னாள். மறுநாள் காலை ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்பே எல்லார் எதிரிலும் சூப்பர்வைசரிடம் போய், "சார், இந்த வாரம் ரெண்டு மூணு தடவை இறங்குவேன். பதினோரு மணி மட்டும் இல்ல. ஒவ்வொரு தடவையும் லோடைத் தரையில வெச்சிட்டுத்தான் இறங்குவேன். ரெட்டை ஷிஃப்ட் பார்க்க மாட்டேன், டாக்டர் காகிதம் இதோ" என்றாள். அவர் காகிதத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மறைக்கிறவளைத்தான் அவருக்கு மிரட்டத் தெரியும். டாக்டர் மாத்திரையை மாற்றினாள், பயறைக் கொஞ்ச நாள் குறைக்கச் சொன்னாள். மூன்று வாரத்தில் வயிறு அடங்கியது.

மூன்று மாதம் முடிந்தது. மேனேஜர் அறையில் கூப்பிட்டார்கள். மேனேஜர், கம்பெனி டாக்டர், சூப்பர்வைசர் மூன்று பேரும் மேஜைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இவள், மடியில் டப்பாவோடு. அறையின் பெரிய ஜன்னல் கொட்டகையைப் பார்த்து இருக்கும். சங்கிலிச் சத்தமும் மோட்டார் சத்தமும் கண்ணாடி வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தன. அன்றைக்கு அவள் கூண்டில் ஒப்பந்த ஆள் ஒருவன்.

கம்பெனி டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். "இப்ப பரவாயில்ல. வேலை பார்க்கலாம்."

மேனேஜர் தலையாட்டினார். நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினார். "பாரும்மா, உன்னை மாதிரி லோடை வைக்க ஆள் கிடையாது. எனக்கும் தெரியும். கூண்டு உனக்கே. ஆனா இந்தப் பதினோரு மணி சமாச்சாரத்தை விட்டுடு. உடம்புதான் சரியாயிடுச்சே."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கேட்டுக்கு அனுப்பினால் என்ன பேசுவது என்றுதான் யோசித்து வைத்திருந்தாள். அவள் விரும்பிய கூண்டு கையில் வந்துவிட்டது, ஒரு தலையசைப்புப் போதும்.

"சரியாகல சார்" என்றாள். "அடங்கியிருக்கு. அடங்கினது மாத்திரையாலயா, நேரத்துக்குச் சாப்பிட்டதாலயா, ரெண்டாலயுமா, எனக்கும் தெரியாது, எங்க டாக்டருக்கும் முழுசாத் தெரியாது. எது தாங்கிப் பிடிக்குதுன்னு தெரியாம ஒரு ஆணியை நான் ஏன் பிடுங்கணும்?"

"இனிமே வராதுன்னு உத்தரவாதம் தருவியா?"

"மாட்டேன். வரலாம். வந்தா சொல்லுவேன், லோடை வெச்சிட்டு இறங்குவேன். உத்தரவாதம் வேணும்னா அதுக்குத் தர்றேன்."

"அப்ப கேட்தான்" என்றார் சூப்பர்வைசர்.

"கேட்டுக்குப் போக மாட்டேன். பதினோரு மணியையும் விடமாட்டேன். வேணும்னா வேலையை விட்டுத் தூக்குங்க. ஏன் தூக்கினீங்கன்னு காகிதத்துல எழுதிக் குடுங்க. நேரத்துக்குச் சாப்பிட்டதுக்குன்னு எழுதுங்க. நான் அதைச் சுவத்துல மாட்டி வெச்சுக்கறேன்."

சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் நிமிர்ந்தது. அவள் டப்பாவை மேஜையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"இது ஆபீஸ் ரூம்மா!" என்றார் மேனேஜர்.

"மணி பதினொண்ணு சார்."

ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மூன்று ஆண்களும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பினார். சங்கிலிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. மோட்டார் சத்தமும் இல்லை. இந்தக் கொட்டகை மட்டுமல்ல, பக்கத்துக் கொட்டகையிலும்.

"கரண்ட் போச்சா?"

சூப்பர்வைசர் எழுந்து போய்ப் பார்த்தார். சுவரோரம் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒப்பந்த ஆள் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வாசல் வழியாக வழுக்கையர் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்து, கையாட்டியைத் தள்ளி உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் இருக்கு சார்" என்றார் சூப்பர்வைசர் மெல்ல. "சாப்பிடறாங்க."

"எத்தனை பேரு?"

"எல்லாரும்."

கம்பெனி டாக்டர் தொண்டையைச் செருமினார். அவருக்கும் காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை போல. டப்பாவை எட்டிப் பார்த்து, "என்னம்மா அது?" என்றார்.

"பயறு, காய். கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?"

"வேணாம், வேணாம்" என்றவர் மேனேஜரிடம் திரும்பினார். "இருபது நிமிஷம்தானே சார். மருத்துவக் காரணம்னு நான் எழுதித் தர்றேன்."

"இவளுக்கு எழுதலாம். அவங்களுக்கு?" மேனேஜர் ஜன்னலைக் காட்டினார்.

எழுந்து ஜன்னலோரம் போய் அந்த வரிசையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளை இழுத்தார். கிரேன் ஓட்டுபவர்களுக்கும் அவர்களோடு வேலை செய்பவர்களுக்கும் பதினொன்றிலிருந்து பதினொன்று இருபதுவரை இடைவேளை. கிரேனில் அவளே தொடர்வாள். நடுவில் இறங்க வேண்டி வந்தால் லோடைத் தரையில் வைத்துவிட்டு இறங்கலாம். எழுதி முடித்துவிட்டு எழுந்து, தாளை அவள் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டினார்.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

டப்பாவில் இன்னும் பாதி இருந்தது. அவள் பேனாவை வாங்கவில்லை.

"இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு சார்" என்றாள், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. "சாப்பிட்டுப் போடறேன். உட்காருங்க."